பழைய கொரோலாவுக்கு டர்போவா, வேறு இஞ்சினா? தெமட்டகொடைக் கராஜில் 23 நாள்

கொழும்பு, தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது இந்தக் கராஜ். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, மூன்று கார் நிற்க இடம், ஒரு பலாமரம். மரத்தின் கீழே எப்போதும் யாருடைய கியர்பாக்ஸாவது கழற்றிக் கிடக்கும். நடத்துபவரை எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறார்கள். எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "பேரைப் போட்டுராதீங்க தம்பி, கையில இருக்கிற வேலையையே முடிக்க ஏலாம இருக்கு" என்றார். அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டர்போ போடுவதா, இஞ்சினையே மாற்றுவதா என்று ஒரு வருடமாக யோசித்தவன் நான். அதே யோசனையில் இருக்கும் ஒருவருக்காவது இது உதவ வேண்டும்.

என் கார் 1993ஆம் ஆண்டுக் கொரோலா. ஈஈ 101 மொடல், 1331 சிசி 4ஈ-எஃப்ஈ இஞ்சின், ஐந்து கியர் மெனுவல். அப்பா ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்த காலத்தில், 2004இல், சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினார். அவர் போய் ஆறு வருடம். அம்மா இன்னும் டிக்கோயாவில்தான். நான் கொட்டாஞ்சேனையில் குடியிருந்து புறக்கோட்டையில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மலைக்கு ஏறி இறங்குவது இந்தக் காரில்தான். விற்கிற எண்ணம் ஒருபோதும் வரவில்லை. வந்திருந்தாலும் வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பாவித்த கார்களின் விலை ஏறியது ஏறியதுதான். கதவு திறந்த பிறகும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் என் சம்பளத்துக்குக் கிட்ட எதுவும் வரவில்லை.

கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வரை காருக்குக் குறை சொல்ல முடியாது. கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறத் தொடங்கும்போதுதான் பிரச்சினை. நான்கு பேர், சாமான், மழை என்று வந்தால் ஏசியை நிறுத்தாமல் மூன்றாம் கியரில் ஏறாது. முன்னால் ஒரு லொறி வேகம் குறைத்தால் இரண்டுக்குப் போட வேண்டும். ஏசி இல்லாததால் முன் கண்ணாடி முழுக்க ஆவி படியும், துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டும். கடந்த தைப்பொங்கலுக்குப் போனபோது வட்டவளைக்குக் கிட்ட ஒரு நேர்த் துண்டில் முச்சக்கரவண்டி ஒன்றை முந்த வெளியே எடுத்தேன். கார் இழுக்கவில்லை. எதிரே பஸ் வந்துவிட்டது. பிரேக் பிடித்து மறுபடி உள்ளே ஒதுங்கினேன். பின் சீட்டில் மகள் இருந்தாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்தக் காருக்கு வலு ஏற்றாமல் இனி மலைக்குக் கொண்டுவருவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

முதலில் மனம் போனது டர்போவுக்கு. அதில் நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை இப்போதும் நான் மறுக்கவில்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1270 மீற்றர். கொழும்பில் இருக்கிற காற்றழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அங்கே குறைவு. சாதாரண இஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றை வைத்துத்தான் பெற்றோலை எரிக்கும், அதனால் உயரம் போகப் போக அதன் மூச்சு குறையும். டர்போ அப்படியல்ல. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. இப்படிக் கூடுதலாக ஏறும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்பார்கள், பிஎஸ்ஐ கணக்கில் அளப்பார்கள். 7 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால், தரைமட்டத்தில், வெளிக்காற்றைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அழுத்தம். மலைக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். என் இஞ்சினுக்குக் கூடப்பிறந்த டர்போ இஞ்சின் ஒன்றை டொயோட்டாவே செய்தும் இருக்கிறது. ஸ்டார்லெட் ஜிடி டர்போவிலும் பிறகு க்ளான்சா வி-யிலும் வந்த 4ஈ-எஃப்டிஈ அது. அதே 1331 சிசி, ஆனால் 135 குதிரைவலு. என்னுடையது புதிதாக இருந்த காலத்திலேயே 100தான்.

நகரத்துக்கு வெளியே ஒரு இடத்தில் விலை கேட்டேன். பொனட்டைத் திறந்தவர் இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டு, 6,40,000 ரூபாய், ஒரு கிழமை என்றார். என்ன டர்போ, எத்தனை பூஸ்ட், பெற்றோல் அளவை எது கட்டுப்படுத்தும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்பதுதான் பதில். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று, அளந்து பார்க்கவில்லை. ஒயில் குறைகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. குறைந்துகொண்டுதான் இருந்தது, ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு இடத்தில் 4ஈ-எஃப்டிஈ ஹாஃப் கட் (இஞ்சினோடு வெட்டியெடுத்த காரின் முன்பாதி) ஒன்று இருப்பதாகச் சொல்லி ஒன்பது இலட்சம் கேட்டார்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னால் அது முடியாது என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் நானாவிடம் போனேன். டர்போ போட வேண்டும் என்றதும், "போடலாம். முதல்ல இருக்கிற இஞ்சின் எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். இஞ்சினைச் சூடாக்கினார். நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு பழைய பத்திரிகையின் மேல் வைத்தார். மூன்று பிளக் கபில நிறம். நான்காவது கறுத்து, ஒயில் ஈரத்தோடு இருந்தது. பெற்றோலையும் மின்பொறியையும் துண்டித்துவிட்டு, பிளக் துவாரத்தில் கம்ப்ரஷன் அளக்கும் மீட்டரைத் திருகி, அக்ஸலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். முதல் மூன்று சிலிண்டரும் 152, 148, 150 பிஎஸ்ஐ. நான்காவது சிலிண்டர் 118.

அதோடு அவர் விடவில்லை. நான்காவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஒயில் விட்டு மறுபடி சுற்றினோம். 144க்கு ஏறியது. "வால்வ் ஒழுகினா ஒயில் விட்டாலும் ஏறாது. ஏறினா பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங் தேஞ்சிருக்கு. ஒயில் போய் அந்த இடைவெளிய அடைச்சதாலதான் ஏறிச்சு" என்று ஊசியைக் காட்டி விளக்கினார். முந்தின வருடம் புகைச் சோதனையில் ஹைட்ரோகாபன் கூடிப்போய் என்னை ஒருமுறை திருப்பி அனுப்பியதற்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. இந்தச் சோதனைக்கு எடுத்தது முக்கால் மணித்தியாலம், காசு 2500 ரூபாய். இந்தக் காருக்காக நான் கொடுத்ததிலேயே மிகப் பெறுமதியான 2500 ரூபாய் அதுதான். டர்போ, இஞ்சின் மாற்றம் என்று யார் யோசித்தாலும், விலை கேட்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். எண்கள் தாழ்ந்திருப்பதைவிட, ஒரு சிலிண்டருக்கும் மற்றதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் அதிகம் பேசும்.

அப்புறம் பலாமரத்தடி வாங்கில் உட்கார்ந்து டர்போவைப் பற்றிப் பேசினோம். அவர் டர்போவுக்கு எதிரி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவரின் காருக்கு அவரே போட்டிருக்கிறார். ஆனால் என் இஞ்சினுக்கு ஏன் வேண்டாம் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். ரிங் தேய்ந்த சிலிண்டருக்குள் பூஸ்ட் ஏற்றினால் எரிந்த புகை ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயில் தட்டுக்குள் இறங்கும். அங்கே அழுத்தம் கட்டினால் ஒயில் சீல்கள் கசியும். அதோடு டர்போவுக்குப் போன ஒயில் தன் பாரத்தில் வழிந்துதான் தட்டுக்குத் திரும்ப வேண்டும், கீழே அழுத்தம் இருந்தால் அதுவும் வழிய முடியாமல் டர்போவிலேயே தேங்கிப் புகையாகும். அடுத்தது கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது. என் இஞ்சினுக்கு 9.6. டொயோட்டா டர்போ இஞ்சினுக்கு அதை 8.2க்குக் குறைத்துத்தான் செய்தது. குறைக்காமல் பூஸ்ட் ஏற்றினால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும். தப்ப வேண்டுமென்றால் பூஸ்ட்டைக் குறைவாக வைத்து எப்போதும் இலகுவில் தட்டாத 95 ஒக்டேன் பெற்றோல் அடிக்க வேண்டும். மலைப் பக்கத்தில் நான் நிறுத்தும் ஷெட்டில் பல நாள் 95 இருப்பதில்லை.

எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது சென்சர் விஷயம். இஞ்சின் உள்ளே இழுக்கிற காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சர் அளந்து சொல்ல, ஈசியூ என்கிற இஞ்சின் கணினி அதற்கேற்ற பெற்றோலை விடுகிறது. டர்போ இல்லாத இஞ்சினின் சென்சருக்கு வெளிக்காற்று அழுத்தம்தான் உச்சம், அதற்கு மேல் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. பூஸ்ட் ஏறும் நேரத்தில், பெற்றோல் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில், ஈசியூ கண்ணைக் கட்டிக்கொண்டு பழைய அளவையே விடும். சூடு ஏறி வால்வும் பிஸ்டனும் போகும். "நாங்க பார்த்துக்குவோம்" என்று சொன்ன இடத்தில் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ரிங், பெயரிங், ஹெட் வேலை செய்து, அதன் மேல் டர்போ, இண்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியூ, அதை ட்யூன் பண்ணும் கூலி எல்லாம் கூட்டினால் பத்து இலட்சத்தைத் தாண்டியது.

நானா சொன்ன மாற்று வழி 5ஈ-எஃப்ஈ. டேர்சல், கோர்சா, ராவும் (Raum) ஆகிய டொயோட்டா கார்களில் வந்த 1497 சிசி இஞ்சின், என்னுடையதன் அதே குடும்பம். பிஸ்டன் விட்டம் இரண்டிலும் 74 மில்லிமீற்றர். 4ஈ-யில் பிஸ்டன் 77.4 மில்லிமீற்றர் ஏறி இறங்கும், 5ஈ-யில் 87. முக்கியமான வித்தியாசம் அதுதான், அதனால் 166 சிசி கூடுகிறது. உச்சக் குதிரைவலுவில் பெரிய மாற்றம் இல்லை என்று கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. "உங்களுக்கு நிமிசத்துக்கு 6000 சுத்துல வலு எதுக்கு தம்பி? கினிகத்தேன வளைவுல 2000 சுத்துலதானே ஏறுறீங்க" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை மாற்றியது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திரும்பி வெளியே வரும்போது புகை குறைவு, டர்போ இன்னும் வேகம் பிடித்திருக்காது. பெரிய இஞ்சினின் இழுவை காலை வைத்த உடனே இருக்கும். என் பழைய கியர்பாக்ஸும், இஞ்சினைத் தாங்கும் மவுண்ட் இடங்களும் அப்படியே பொருந்தும் என்பது அடுத்த நிம்மதி.

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேருமாக, பாவித்த உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். நானா அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார், கறுப்புக் களி இருந்தால் அடுத்த கடை. தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் துரு இருக்கிறதா, ஒயில் தட்டின் ஓரத்தில் புதிதாகப் பசை தடவியிருக்கிறார்களா என்று பார்த்தார். கழுவிப் பளபளக்கும் இஞ்சினை அவர் நம்பவில்லை. ஜப்பானிலிருந்து வந்த அழுக்கோடு இருந்த ஒன்றைத்தான் தெரிந்தெடுத்தார். மீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கடைக்காரரின் பற்றரியைப் பூட்டி அங்கேயே சுற்றினோம். 175, 172, 176, 174. ஈசியூ, வயர்க் கட்டு எல்லாம் சேர்த்து 2,85,000 ரூபாய். பற்றுச்சீட்டில் இஞ்சின் இலக்கத்தை எழுதி வாங்கி, சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கினார். அந்தப் பிரதி இல்லாமல் இஞ்சினைத் தூக்காதீர்கள்.

இஞ்சின் வெளியே இருக்கும்போது செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் பின் ஒயில் சீல்கள், கிளட்ச் பிளேட், நான்கு மவுண்ட், எல்லாம் புதிது. பழைய ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது, அதையும் மாற்றினோம். 5ஈ-யின் ஈசியூவையும் வயர்க் கட்டையுமே வைத்துக்கொண்டு, என் டாஷ்போர்டுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துச் சேர்த்தார். டேப் சுற்றி முறுக்கி விடவில்லை. போய் நின்று பார்த்தேன், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி உறை. அந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கராஜை நான் சிபாரிசு செய்வேன்.

கணக்கு இது: இஞ்சின் 2,85,000, கூலி 75,000, பெல்ட், பம்ப், சீல், கிளட்ச், மவுண்ட் 92,000, ரேடியேட்டர் 38,000, ஏசி வேலை 18,000. மொத்தம் 5,08,000 ரூபாய். இது என் கார், என் பேரம். உங்களுக்கு வேறாக வரலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்று சொல்லி 23 நாள் எடுத்தார். நடுவில் ஒரு கிழமை யாருடைய வேன் அவசரமென்று என் காரைத் தொடவே இல்லை, அதை அவராகச் சொல்லவும் இல்லை. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். எழுதின பில் கிடையாது. மேலே இருக்கிற கணக்கு, நான் ஒவ்வொரு பற்றுச்சீட்டாகக் கேட்டுச் சேர்த்தது. கார் கைக்கு வந்த நான்காம் நாள் ஏசி காற்று சூடாகிவிட்டது. கம்ப்ரஸருக்குப் போகும் குழாயின் மூட்டில் கசிவு. கொண்டுபோனதும் மூட்டைக் கழற்றி, புது வளையம் போட்டு, வாயுவும் அடித்துத் தந்தார், காசு வாங்கவில்லை. ஆனால் அது முதலிலேயே சோதித்திருக்க வேண்டிய விஷயம்.

பத்திர வேலையைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். பதிவுச் சான்றிதழில் இஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கின்றன, இரண்டும் இப்போது மாறிவிட்டன. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு இரண்டு நாள் அலைந்து, பற்றுச்சீட்டையும் சுங்கப் பிரதியையும் காட்டி மாற்றினேன். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்தேன். புகைச் சோதனையில், சும்மா ஓடும்போதும் 2500 சுற்றிலும், இரண்டிலும் முதல் தடவையே தேறியது.

முதல் மலைப் பயணம் ஓகஸ்ட் மாதம், நல்ல மழை. கித்துல்கலையில் தேநீர் குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். ஏசி ஓடியது, கண்ணாடி தெளிவாக இருந்தது. இரண்டுக்குப் போடும் வளைவுகளில் பாதியை மூன்றிலேயே எடுத்தது. லொறி ஒன்றின் பின்னால் இருந்து நேர்த் துண்டில் வெளியே எடுத்தபோது கார் தயங்கவில்லை. வட்டவளை தாண்டிய பிறகு மூச்சு கொஞ்சம் குறைவது தெரிந்தது, மறைக்கவில்லை. அந்த உயரத்தில் டர்போ இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. 92 பெற்றோலில்தான் ஓடுகிறது. மலைப் பயணத்தில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் கிடைக்கிறது, முன்பு 11ஐத் தாண்டியதில்லை. 3000 கிலோமீற்றர் ஓடியாகிவிட்டது, ஒயில் கோல் இன்னும் மேல் கோட்டிலேயே நிற்கிறது.

உங்கள் இஞ்சினில் நான்கு சிலிண்டரும் நன்றாக, ஒரே அளவில் இருந்து, காரை ஓட்டும் சந்தோஷத்துக்காகவே வைத்திருந்து, வீட்டில் இன்னொரு வாகனமும் இருந்தால் டர்போவை யோசியுங்கள். அப்போதும் ஈசியூவுக்கும் ட்யூனிங்குக்கும் ஒதுக்கும் காசில் கை வைக்காதீர்கள். அல்லது ஓடிக் காட்டுகிற, பத்திரம் உள்ள 4ஈ-எஃப்டிஈ ஒன்று கிடைத்தால் அதை வாங்குங்கள். டொயோட்டா டர்போவுக்கென்றே செய்ததை வைத்துக்கொள்வது, மற்றதைத் திருத்தி டர்போவுக்கு ஏற்றதாக்குவதைவிடப் பாதுகாப்பு.

அப்பாவின் பழைய 4ஈ இன்னும் நானாவின் கராஜில், ஒரு தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. இரும்புக்குப் போட மனம் வரவில்லை என்றேன். "போடவும் வேணாம். சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி ரிங் மாத்தினா இன்னொரு ஸ்டார்லெட்டுக்கு ஓடும்" என்றார். ஸ்டார்லெட்காரர் ஒருவர் போன கிழமை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வரும் சனிக்கிழமை விலை பேசப் போகிறோம், அம்மாவையும் கேட்டுவிட்டேன்.